நாளைக்கு வந்தா ரெண்டு

“இன்னைக்கே வேணும்னா ஒரு லட்டு. நாளைக்கு வந்தா ரெண்டு. எது வேணும்?”

பேராசிரியர் பிரசாத் காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார். வேங்கிக்கால் சமுதாயக் கூடத்தில் வரிசையாக வந்தவர்களும் காலையிலிருந்து ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

இன்னைக்கே.

ஆட்டோக்காரர் இன்னைக்கே என்றார். பூக்காரம்மா கேள்வி முடிவதற்குள் கையை நீட்டிவிட்டாள். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் லட்டை வாயில் போட்டுக்கொண்ட பிறகு கேள்வியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

பிரசாத் சென்னையில் உளவியல் கற்றுக்கொடுப்பவர். ஓர் ஊர் கொழிப்பதும் இன்னோர் ஊர் அப்படியே கிடப்பதும் மண்ணாலோ மழையாலோ இல்லை, மனசால்தான் என்பது அவர் கட்சி. நாளைக்காகக் காத்திருக்கத் தெரிந்த ஊரில் மில் வரும், பாங்கு வரும், மாடிமேல் மாடி வரும். தெரியாத ஊரில் இன்னும் ஒரு டீக்கடை வரும்.

இதை நிரூபிக்கத்தான் மாவட்டம் மாவட்டமாக லட்டோடு அலைந்தார்.

வாசலில் அவருடைய வேன் நின்றது. மூட்டை முடிச்செல்லாம் மேலே ஏற்றிக் கயிறு போட்டாகிவிட்டது. சாயங்காலம் கிருஷ்ணகிரி. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள்.

சிந்துஜா ஒரு மூலையில் உட்கார்ந்து பதில்களை லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் சாருடைய உதவியாளர். பிறந்து வளர்ந்தது இதே திருவண்ணாமலையில். ஒவ்வொரு ‘இன்னைக்கே’வுக்கும் அவளுக்குக் காது சுட்டது. “உங்க ஊரு இவ்ளோதானா?” என்று சார் நடுவில் ஒரு சிரிப்பு வேறு சிரித்தார்.

ஒருத்தராவது மானத்தைக் காப்பாற்றக் கூடாதா என்று ஜன்னல் வழியாக அண்ணாமலையாரைக் கேட்டாள். அவர் எப்போதும்போல மலையாக நின்றார்.

கடைசியாக வந்தவள் ஜோதியம்மாள். செங்கம் ரோட்டில், ஆசிரமம் தாண்டித் தள்ளுவண்டியில் இட்லி விற்பவள்.

சார் தன் பக்கம் சாய்த்துப் பிடித்திருந்த லட்டுப் பெட்டிக்குள் கையை விட்டார். நெற்றியைத் துடைத்தார். கேள்வியைக் கேட்டார்.

“நாளைக்கே குடுங்க சார்” என்றாள் ஜோதியம்மாள்.

சார் எழுந்தே நின்றுவிட்டார். கைதட்டினார். கூடம் முழுக்கத் தட்டியது. இந்த அம்மாவைப் போல நாலு பேர் இருந்தால் இந்த ஊர் எங்கேயோ போய்விடும் என்றார். சிந்துஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேனில் ஏறும்போது சார், ஆய்வறிக்கையின் அட்டையில் அந்த அம்மாவின் படம்தான் என்றார். சிந்துஜா மட்டும் தங்கி, மறுநாள் போய் எடுத்து அனுப்ப வேண்டும்.

“லட்டு, சார்?”

“நமக்கு வேண்டியது பதில்தாம்மா.”

வேன் போய்விட்டது.

மறுநாள் காலை சிந்துஜா தானே இரண்டு லட்டு வாங்கிக்கொண்டு செங்கம் ரோட்டுக்குப் போனாள்.

ஜோதியம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். “இன்னாம்மா இது, நெஜமாவே எடுத்தாந்துட்டியா?”

“நீங்கதானக்கா நாளைக்குன்னு சொன்னீங்க.”

“பொட்டியில ஒண்ணுமே இல்லியேம்மா! எட்டிப் பாத்தேன், வெறும் தூளு. ஒங்க சாரு உள்ள கைய விட்டுத் தொழாவுறாரு, மூஞ்செல்லாம் வேர்த்து ஊத்துது. படிச்ச மனுசன், அத்தினி பேரு பாக்குறாங்க. பாவமா இருந்துச்சு, நாளைக்குன்னுட்டேன்.” பொட்டலத்தை மடித்து அவள் கையிலேயே வைத்தாள். “எனக்கு சுகர் ஜாஸ்தி. நீ துன்னு.”

சிந்துஜாவுக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

பிறகுதான் சார் கைதட்டியது நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள் கைவிட்டது அவர்தானே.

போன் அடித்தது. சார். அடுத்த வருடம் அவளுக்கு இந்த வேலை உண்டா இல்லையா என்பது அவர் வாயில்தான் இருந்தது.

“படம் எடுத்துட்டியாம்மா?”

ஜோதியம்மாள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு, இட்லிச் சட்டியை மறைக்காமல் ஓரமாக வந்து நின்றாள்.

“சார், நேத்து கடைசியில பெட்டி காலியா இருந்துச்சாமே?”

அந்தப் பக்கம் கிருஷ்ணகிரிக் கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ லட்டு கேட்டார்கள்.

“இங்க ஒரே சத்தம்மா. நாளைக்குப் பேசிக்கலாம்” என்றார் சார்.

சிந்துஜா போனை வைக்கவில்லை.