கூடைக்கு அளந்த வழி

கோதண்டத்துக்குக் கழுத்து ஒடிந்துவிடும்போல் வலித்தது.

தலையில் மீன்கூடை. சும்மாட்டைத் தாண்டி வழிந்த மீன் தண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் கூடை போய்விடும்.

முன்னும் பின்னும் குப்பத்துப் பெண்கள். ஏரிக்கரையிலிருந்து ஒல்லாந்தர் கோட்டைச் சந்தைக்குப் போகிறார்கள். கூடை சுமக்கும் ஆண் அவன் ஒருவன்தான்.

"இன்னாய்யா, தோணியில வர்ற மாதிரி ஆடறே? மூட்டை ஏத்தின ஒடம்புதானே?" என்றாள் பக்கத்தில் நடந்த ஜெயம்மா.

அவன் அடியைப் பார்த்துப் பார்த்து வைத்தான். பேசினால் கூடை ஆடும்.

ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கம் வரிசையாகக் கம்புகள், கம்புக்குக் கம்பு கட்டிய கிழிந்த வலை. ஏரியில் இது இன்னார் மீன்பிடிக்கும் பாடு என்று காட்ட நடுகிற அதே கம்புகள். அவற்றைத் தாண்டி இன்னொருவன் வலை போடமாட்டான். அதைப் பார்த்துவிட்டுத்தான் கோதண்டம் பாதையிலும் நட்டான். அந்தப் பக்கம் வண்டி, இந்தப் பக்கம் கூடை.

முதலில் தன் தோளை வைத்து வழியின் அகலத்தை அளந்தான். மறுநாள் காலையில் அத்தனை கூடையும் வலையில் மாட்டிக்கொண்டது. மடவை மீன் மண்ணில் துள்ளியது.

"ஆம்பளை கைவீசினு போறதுக்கு அளந்துக்கீறான்" என்று சிரித்த ஜெயம்மா, கூடையோடு இன்னொருத்தியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். "இப்ப அளய்யா."

எல்லாவற்றையும் பிடுங்கி, இரண்டு கூடை அகலத்துக்குத் தள்ளி நட்டான். வண்டிப்பாதை அந்த அளவுக்குச் சுருங்கியது.

இன்று கப்பல் வந்திருந்தது. கப்பல் வந்தால் ஒல்லாந்தர் கும்பினியின் துணிவண்டிகள் நிற்காமல் ஓடும். கம்புகளை முறித்துக்கொண்டு போனாலும் கேட்க ஆளில்லை. முறிந்தால் நாளைமுதல் மறுபடியும் பள்ளம்தான்.

பின்னால் மாட்டுமணி கேட்டது.

இத்தனை வருஷமும் அந்தச் சத்தத்துக்குப் பெண்கள் பள்ளத்தில் குதித்தார்கள். முழங்கால் சேறு. கோதண்டத்தின் கால்களும் தானாகப் பள்ளத்தின் பக்கம் திரும்பின.

ஜெயம்மா தன் தம்பிக்குப் பார்த்த பெண்ணின் மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நிற்கவில்லை. திரும்பவும் இல்லை.

வண்டி நெருங்கியது. ஓட்டியவன் கயிற்றை இழுத்தான். மாடுகள் வேகம் குறைத்து, ஒரு கம்பையும் உரசாமல் தாண்டின. புழுதி மட்டும் வலைக்குள் வந்தது.

"மூக்கு கெடக்கட்டும்டி, கொழம்பு வெப்பாளா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

வரிசை மொத்தமும் சிரித்தது. கோதண்டமும் சிரித்தான். கூடை ஆடி ஒரு மடவை விழுந்தது. அதற்கும் சிரித்தான்.

வண்டி ஓட்டிய துளசிங்கம் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"அண்ணே, உன் மாடு ரெண்டும் என் பேச்சைக் கேக்கமாட்டேங்குது. எப்ப வண்டிக்கு வர்றே?"

"கஸ்தூரி எழுந்து நடக்கட்டும்."

போன கப்பலுக்கு அந்த வண்டியை ஓட்டியவன் கோதண்டம். கஸ்தூரி பள்ளத்தில் குதிக்கக் கொஞ்சம் தாமதித்துவிட்டாள். சக்கரம் காலில் ஏறியது. அவள் நடக்கும்வரை அவள் கூடையை இவன் சுமக்கவேண்டும் என்பது குப்பத்துக் கூட்டத்தின் தீர்ப்பு.

கம்பு நடும்படி யாரும் சொல்லவில்லை.

கூடை தினமும் சந்தைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கஸ்தூரிக்குத் தரவேண்டிய கால் இன்னும் பாக்கி.