ஓடு போன இடம்

சொன்னால் நாளைக்குத் தொடங்கும் கூரை வேலை நின்றுவிடும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கூரையைப் பிரிக்க மாட்டார்கள். ஏன் நின்றது என்று தெருவே கேட்கும். சொல்லாவிட்டால் ஏற வேண்டும். பவளக்கொடி ஏணியைப் பார்த்தபடி நின்றாள். முன்பு இரண்டு முறை எல்லோருக்கும் சொன்னாள், இரண்டு கருவும் தங்கவில்லை. இம்முறை கணவனுக்குக்கூடச் சொல்லவில்லை.

காற்றில் ஓடு பறந்துபோன இடத்தில் வானம் கறுத்துத் தெரிந்தது. நேர் கீழே நெல் மூட்டைகள்.

"என்னடி, ஏணிய இன்னிக்குத்தான் பாக்குறியா?" மாமியார் தகரத் துண்டை நீட்டினாள். "நாளைக்குப் பிரிக்கப்போற கூரைதான். இன்னிக்கு மட்டும் இதச் செருகிட்டு இறங்கு."

"அவர ஏறச் சொல்லுங்கத்தே."

"அவனா? ஸ்டூல்ல நின்னாலே கண்ண மூடிக்குவான். எப்பவும் நீதானே ஏறுவ?"

மூட்டையின் மேல் முதல் துளி விழுந்தது. பவளக்கொடி தகரத்தை வாங்கவில்லை.

"நான் ஏறலத்தே."

"ஏன், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

மாமியாரின் பார்வை முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. வயிற்றுக்குப் போகப் பார்த்த கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பவளக்கொடி தாழ்ந்த குரலில் மறுபடியும் சொன்னாள்:

"ஏறல."