மணிக்கயிறு

“இந்தக் கன்னியர் சபையையே தொடங்கின மதருக்கு இன்னிக்கு அடக்கம். கோயில் மணி அடிக்கல. மில் தொழிலாளிங்களுக்காக உசிரையே கொடுத்தவங்களை, அவங்கள்ல ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலையே!” ஆயர் இல்லத்திலிருந்து வந்த குருவானவர் பொரிந்து தள்ளினார்.

“மெதுவா பேசுங்க ஃபாதர்,” என்றார் அருகில் நின்ற கன்னியாஸ்திரி.

“இன்னும் எதுக்கு மெதுவா?” அவரே போய் மணிக்கயிற்றை இழுத்தார். மேலே மணி ஆடியது, சத்தம் வரவில்லை.

“மணியோட நாக்கை மதர் முப்பது வருஷத்துக்கு முன்னாடியே கழட்டிட்டாங்க ஃபாதர். சுவருக்கு அந்தப் பக்கம் மில் விடுதி. ராத்திரி ஷிப்ட் முடிச்ச பொண்ணுங்க இப்பத்தான் கண் அசருவாங்க. அந்த வழியா போனா மதர் ஷூவைக் கழட்டிக் கையில எடுத்துக்குவாங்க. ‘நான் செத்தாலும் அவங்களை எழுப்பாதீங்க’ன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாங்க.”

குருவானவர் கயிற்றை விட்டார். சவப்பெட்டியைச் சுற்றி வயதான நான்கு கன்னியாஸ்திரிகள்தான் நின்றார்கள்.

“தூக்க ஆள் பத்தாதே சிஸ்டர்,” என்றார். இம்முறை குரல் தாழ்ந்திருந்தது.

திரும்பினார். வாசல் நிறைய விடுதிப் பெண்கள், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, தூங்காத கண்களோடு நின்றிருந்தார்கள். அத்தனை பேர் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. எல்லாரும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள்.