சமாதானக் கதவு

ஹெப்ரான் மலைச்சரிவில் ஓடும் சுவரின் நடுவே வல்லரசுகள் ஒரு சமாதானக் கதவு வைத்துவிட்டுப் போயிருந்தன. இந்தப் பக்கம் ஒரு பாலஸ்தீனக் கையும் அந்தப் பக்கம் ஓர் இஸ்ரேலியக் கையும் ஒரே நேரத்தில் பதிந்தால்தான் அது திறக்கும். பாலஸ்தீனப் பெண் ரிஹாபின் ஒலிவத் தோப்பு அந்தப் பக்கம். இஸ்ரேலியக் கிழவர் அவ்னேரின் ஆடுகளுக்குத் தண்ணீர் இந்தப் பக்கம். அதனால் தினமும் காலையில் இருவரும் கை வைத்தார்கள். கதவு திறந்ததும், அவர் ஆடு அவள் ஒலிவக் கன்றைக் கடித்த கதையை எடுத்துச் சண்டை போட்டார்கள். கதவுக்குக் கை போதும். கதவு திறந்த கணக்கைப் பார்த்து, எங்கோ ஒரு தலைநகரில் சமாதானம் ஏறுமுகமாக இருந்தது.

அன்று அந்தப் பக்கத்திலிருந்து கை வரவில்லை. முனகல்தான் வந்தது.

"என்னாச்சு பெரியவரே?"

"சுகர் இறங்கிப்போச்சும்மா. எந்திரிக்க முடியல."

ரிஹாப் கதவிலிருந்த உதவிப் பொத்தானை அழுத்திக் கத்தினாள். "மறுதரப்பின் சம்மதத்துக்காகக் காத்திருக்கவும்" என்றது ஓர் இனிமையான குரல்.

அவள் தோப்புக்கு எடுத்துவந்த கடப்பாரையால் பூட்டைப் பெயர்த்தாள். அந்தப் பக்கம் ஓடி, மதியத்துக்கு வைத்திருந்த பேரீச்சம்பழத்தை அவர் வாயில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் தெளிந்தது.

"என் ஆடு உன் கன்னைத் தொடவே இல்ல."

"பொய் சொல்ல மட்டும் தெம்பு வந்துருச்சா?"

அதற்குள் வானத்திலிருந்து அமைதிப்படை இறங்கிவிட்டது. சமாதானம் குலைந்துவிட்டதாகத் தலைநகருக்குத் தகவல் போனது. பிறகு முதல் வேலையாக, அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருந்த அவள் கையைப் பிடித்து விலக்கினார்கள்.