மிதந்த ஆச்சா

ஆச்சா மரம் இரும்புக்குப் பங்காளி. செக்குக்கும் வண்டி அச்சுக்கும் ஆகும், தண்ணீரில் போட்டால் மூழ்கும். மர வியாபாரி சென்னகேசவனுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனாலும், "இது ஆச்சாவே இல்ல அம்மணி, மெதக்கற கட்டை" என்று சாதித்து, பூவாத்தாளின் தோட்டத்து மரத்தை விறகு விலைக்கு வெட்டிப்போனார்.

பதப்படுத்தப் பவானி ஆற்றில் போட்டதும் அது மிதந்தது. மறுநாள் நீரோட்டத்தை எதிர்த்து நான்கு மைல் வந்து, பூவாத்தாள் துவைக்கும் துறையில் நின்றது. இழுத்துப்போனார், மறுபடி வந்தது.

மூன்றாம் முறை அவள் கட்டைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு அம்மணி."

"இது ஆச்சான்னு ஊரார் முன்னால சொல்லுங்க, எறங்கறேன்."

"சொன்னா ஆச்சா வெலை கேப்பியே?"

"கேக்காம உடுவனாங்க?"

சென்னகேசவன் ஆட்களை ஏவினார். அவர்கள் கை வைக்குமுன், கட்டை அவளைச் சுமந்தபடி கரையேறித் தோட்டத்துப் பக்கம் நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.