கவிஞர் வீட்டு அடுப்பு

கவிஞர் கண்ணை மூடி, வலது கையை உயர்த்தினார்.

கையில் காகிதமே இல்லாமல் மணிக்கணக்கில் கவிதை சொல்லக்கூடியவர். அதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டம். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை.

"கடைசியாக ஒருமுறை
கதவைத் தட்டியது மழை.
நான் திறக்கவில்லை..."

நிறுத்தினார்.

"ஆஹா, எப்படி நிறுத்துறார் பாரு! உடம்பெல்லாம் சிலிர்க்குது" என்றார் ரசிகர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

அப்போதுதான் முதல் வரிசையிலிருந்து கவிஞரின் மனைவி எழுந்தாள்.

"ஏங்க! அடுப்பை அணைச்சீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கவிஞர் மைக்கைப் பிடித்தார்.

"மன்னிக்கணும். வீடு பத்திக்கிட்டா என் கவிதை வந்து அணைக்காது."

கும்பிட்டுவிட்டு இறங்கினார். கைதட்டல் காதைப் பிளந்தது.

"பாவம்யா மனுஷன்!" என்றார் ரசிகர். "போன மாசம் புத்தக வெளியீட்டுலயும் இப்படித்தான். நல்லாப் போய்க்கிட்டிருக்கும்போது, 'சாவி உங்ககிட்டயா?'ன்னு கத்தினாங்க."

"அவங்க எங்கே இவருக்கு வாக்கப்பட்டாங்க? இவர்தான் அவங்களுக்கு வாக்கப்பட்டிருக்கார்!" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

வாசலில் விழா அமைப்பாளர் அந்த அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அடுத்த தடவை ஐயாவைத் தனியா அனுப்பிடுங்க. கவிதைன்னா என்னன்னு தெரிஞ்சவங்க வர்ற இடம் இது."

"சரிங்க" என்றாள் அவள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அந்த 'சரிங்க' பக்கத்தில் நின்ற கவிஞருக்குச் சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த பேரை ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"சார், எனக்கு அடுத்த வரி மறந்துபோச்சு."

"என்னது?"

"இன்னிக்கு மட்டுமில்ல, போன மாசமும்தான். வயசாகுது, வரி மனசுல நிக்க மாட்டேங்குது. காகிதத்தைப் பார்த்துப் படிங்கன்னு இவ சொன்னா எனக்கு வீம்பு. அதான், என் மானம் போகக்கூடாதுன்னு தன் மானத்தை விட்டுட்டு எழுந்து நிக்கிறா. உண்மையைச் சொன்னா, என் கவிதை மொத்தமும் இவளுக்குத்தான் மனப்பாடம்."

அமைப்பாளர் அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

அவள் பதறிக்கொண்டு குறுக்கே வந்தாள்.

"ஐயையோ, இவர் சொல்றதை நம்பாதீங்க சார்! கவிஞர் இல்லையா... இல்லாததை எல்லாம் இருக்கிற மாதிரியே சொல்லுவார்!"