வெளியே விடும் சொல்

இடிக்கப்பட்ட மில் குடியிருப்பின் ஒரு வீட்டை அருங்காட்சியகத்துக்குள் அப்படியே எழுப்பியிருந்தான் மகிழ்நன். கதவு மட்டும் அந்த வீட்டின் அசல் கதவு. அதன் பிடியைக் கழற்றிவிட்டு, குரல் கேட்டுத் திறக்கும் பூட்டைப் பொருத்தியிருந்தான். வெளியே நின்று 'வரேன்' என்றால் உள்ளே விடும், உள்ளே நின்று 'போறேன்' என்றால் வெளியே விடும். முன்பு அங்கே குடியிருந்த ராஜாமணியைத்தான் முதல் ஆளாக உள்ளே கூட்டிப் போனான். அவள் அடுப்படியைப் பார்த்தாள், ஜன்னல் கம்பியைத் தடவினாள். பிறகு மூடியிருந்த கதவருகே வந்து, "வரேன்" என்றாள். கதவு அசையவில்லை. "போயிட்டு வரேன்." அதற்கும் அசையவில்லை.

"வர்றதை விட்டுட்டுப் போறதை மட்டும் சொல்லுங்கக்கா, திறந்துக்கும்."

"அதெப்படிங்க தம்பி வாயில வரும்? எங்க வீட்டுக்காரரு கோவத்துல அப்படிச் சொல்லிட்டு இந்தக் கதவைத் தாண்டுனவருதான்."

புழுக்கத்தில் மகிழ்நனின் சட்டை முதுகோடு ஒட்டியது. கத்தினாலும் வெளியே கேட்காது. சத்தம் புகாத சுவர்தான் வேண்டுமென்று அடம்பிடித்தவனே அவன். சரி, நாமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். அவளுடைய உள்ளங்கை பாய்ந்து வந்து பொத்தியது.

"வேண்டாங்க தம்பி. உங்களுக்கும் வீட்ல ஒருத்தி காத்துட்டிருப்பால்ல."